கியர் நோன்பு

நான்கு பலகைகளுக்கும் முதல் வார்த்தை ஒன்றுதான். அப்துல் ரஷீதுக்கு அதைப் படிக்கத் தெரியாது, எழுத மட்டும் தெரியும். ஒரு கம்பம், அதன் இடுப்பிலிருந்து உதைக்கிற இரண்டு கால். அடுத்து மூன்று பல் சீப்பு இரண்டு. கடைசியில் தலை பெருத்த ஒற்றைக்கால் ஆள். பத்து வருஷமாக இந்தப் படத்தை லாரிகளின் முதுகில் போட்டு வருகிறான். டிரைவர்கள் 'கீப் டிஸ்டன்ஸ்' என்பார்கள், அவன் போடுவான், கூலி வாங்குவான். அதற்கு மேல் அந்த வார்த்தைக்கும் அவனுக்கும் பேச்சுவார்த்தை இருந்ததில்லை.

எழுபத்தொன்றாம் வருஷம் ஐப்பசியில் ரோடு கான்ட்ராக்டர் ஒருவர் தொப்பூர் கணவாயில் நடுவதற்கு நான்கு தகரப் பலகை எழுதச் சொல்லிவிட்டுப் போனார். வாசகங்களை ஒரு தாளில் கொடுத்து, ஒருமுறை வாய்விட்டும் படித்து, எந்தப் பலகை எதற்கு என்று சுருக்கமாகச் சொன்னார். கீப் லெஃப்ட். கீப் டிஸ்டன்ஸ். கீப் ஆஃப் தி எட்ஜ். கீப் இன் கியர்.

அதியமான்கோட்டையில் மெயின்ரோட்டை ஒட்டி ரஷீதின் கீற்றுக் கொட்டகை. முன்பக்கம் பெயிண்ட் கடை, பின்பக்கம் வீடு. பலகைகளை வரிசையாகச் சாய்த்து, நான்கிலும் முதலில் அந்த ஒரு வார்த்தையை மட்டும் எழுதி முடித்தான். எட்ட நின்று பார்த்தபோதுதான் உறைத்தது. இடது பக்கம் போவதற்கும் கியருக்கும் என்ன உறவு? இடைவெளிக்கும் பள்ளத்து ஓரத்துக்கும் என்ன உறவு? எல்லாவற்றின் தலையிலும் ஒரே ஆள் எதற்கு ஏறி உட்கார்ந்திருக்கிறான்?

"மச்சான், கீப்னா என்னா?" என்று முனிராஜைக் கேட்டான்.

முனிராஜ் லாரி டிரைவர். இண்டூர்க்காரன். கல் உடைத்துப் பிழைக்கிற குடும்பம். அப்பன் குவாரியில் கல் சரிந்து செத்தவன். எட்டு வருஷம் கிளீனராகக் கிடந்து, அந்த ஆடியில்தான் ஸ்டீரிங்கைப் பிடித்திருந்தான். வண்டியின் பின்பலகை உடைந்து புதுப்பலகை போட்டிருந்தார்கள். அதில் எழுதிய எழுத்து காய்வதற்காகக் காலையிலிருந்து கொட்டகையிலேயே உட்கார்ந்திருந்தான். மழை விட்டும் விடாத நாள். பெயிண்ட் காய்வதாக இல்லை.

"கீப்னா கீப்புதான் பாய். பின்னாடி வர்றவன் எட்ட வரணும்."

"அது டிஸ்டன்ஸு. கீப்பு என்னா?"

முனிராஜ் தலையைச் சொறிந்தான். அவனும் அந்த வார்த்தையை முதுகில் எழுதிக்கொண்டு ஊர் ஊராக ஓடுகிறவன்தான்.

லாரிக்கு அடியில் படுத்துக் கிரீஸ் அடித்துக்கொண்டிருந்த தர்மன் தலையை நீட்டினான். அவன்தான் கிளீனர். வயது நாற்பத்தைந்து. டிரைவரைவிடக் கிளீனர் மூத்தவனாக இருந்தது அந்த ரோட்டில் அந்த ஒரு வண்டியில்தான். முனிராஜுக்கு மாமன் முறை. கண் சரியில்லை என்று லைசென்ஸ் கிடைக்கவில்லை. அதற்காக அவன் வருத்தப்பட்டதும் இல்லை.

"இது தெரியாதா? எங்க சின்னம்மா மவன் ரயில்வேல கேட் கீப்பரு."

"அவரு என்னா பண்றாரு?"

"ஒண்ணும் பண்றதில்ல. கேட்டுப் பக்கத்துலயே கெடக்கறான். பொண்டாட்டி புள்ள பெத்தப்பவும் அங்கதான் கெடந்தான்."

எதிரே டீக்கடை வைத்திருந்த கண்ணம்மாள் இரண்டு கிளாஸைத் தூக்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டி வந்தாள். ரம்ஜான் மாசம், ரஷீதுக்கு டீ இல்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் தினமும் கேட்பாள்.

"பாய், ஒரு மொடக்கு? யாரும் பாக்கல."

"மேல பாக்கறாரு."

"கூரை இருக்குதே."

"கூரை ஒழுவுது கண்ணம்மாக்கா. எல்லாந் தெரியும்."

அவளிடமும் கீப்புக்கு அர்த்தம் கேட்டார்கள். அவள் சிரித்த சிரிப்பில் டீ தளும்பியது.

"எங்கூட்டுக்காரரு நல்லம்பள்ளில ஒருத்திய வச்சிருந்தாரே, அதுக்குப் பேருதான் கீப்பு. நோன்பும் அதுவுமா நல்லாக் கேட்டான் பாரு கேள்வி."

ஹைஸ்கூல் இங்கிலீஷ் வாத்தியார் டீக்கடை முன்னால் சைக்கிளை நிறுத்தியிருந்தார். தர்மன் அவரைக் கையோடு கூட்டி வந்துவிட்டான். வாத்தியார் கிளாஸும் கையுமாகப் பலகைகளைப் பார்த்தார்.

"கீப்னா வை. வைத்திரு. கீப் தி புக் ஆன் தி டேபிள், புத்தகத்த மேசை மேல வை. கீப் கொயட், சும்மா இரு. கீப் எ கவ், மாடு வளர்க்கறது. கீப் யுவர் வேர்ட், சொன்ன சொல்லக் காப்பாத்து. கீப் ஒர்க்கிங், வேலை செஞ்சிக்கிட்டே இரு."

"ஒரே வார்த்தைக்கு இத்தனையாங்க சார்?"

"பக்கத்துல எது வந்து நிக்குதோ, அதுக்கேத்த மாதிரி மாறும். பரீட்சைக்கு அஞ்சு போதும்பா. அகராதில ஒரு பக்கத்துக்கு மேல கெடக்குது. அத்தனையும் எனக்கே தெரியாது." டீயை முடித்துவிட்டு, "நல்ல கேள்வி. என் பசங்க எவனும் இதுவரைக்கும் கேக்கல" என்று சொல்லிவிட்டு மணி அடிப்பதற்குள் போக வேண்டும் என்று சைக்கிளை மிதித்தார்.

ரஷீத் பிரஷைக் கையில் பிடித்தபடியே நின்றான். மாடு, சொல், சும்மா இருப்பது, கேட். இவற்றை எந்தக் கயிற்றில் கட்டுவது?

முனிராஜ் நான்காவது பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வைனா வைதான் பாய். கியரப் போட்டு வை. ஆனா அங்க எவன் போட்டு வைக்கிறான்?"

"ஏன்?"

முனிராஜ் கியர் ராடைத் தட்டுவதுபோலக் கையை ஆட்டிக் காட்டினான். கணவாயில் சேலத்துப் பக்கம் இறங்கும்போது கியரை எடுத்து நியூட்ரலில் தட்டிவிடுவார்கள். பாரம் தள்ளும், வண்டி தானே உருளும், எஞ்சின் டீசல் குடிக்காது. பிரேக்கை மட்டும் நம்பி இறங்குவது. பயந்தவர்கள் வளைவுகளில் கியர் போட்டு வருவார்கள். அவர்களும் நடுவில் வருகிற நேர்ரோட்டில் எடுத்துவிடுவார்கள். எடுக்காதவனை மற்றவர்கள் மாட்டுவண்டிக்காரன் என்பார்கள். பள்ளத்தில் துருப்பிடித்துக் கிடக்கிற லாரிகளை யாரும் நின்று பார்ப்பதில்லை.

"மொதலாளி என்னா சொல்றாரு?"

"அவருதான் சொல்றாரே. எவன் டீசலக் கம்மியாக் குடிக்க வுடறானோ அவனுக்குப் புது வண்டியாம். நானும் இன்னொரு வண்டி ஓட்டற ராஜாமணியுந்தான். ரெண்டுல ஒருத்தன்."

புது வண்டி என்பது முனிராஜுக்குப் பகட்டு இல்லை. இப்போது ஓட்டுகிற பழைய வண்டி மாசத்தில் பாதி நாள் ஷெட்டில் நிற்கும். நிற்கிற நாளெல்லாம் அவன் குவாரிக்குப் போய்ச் சம்மட்டி பிடிக்க வேண்டும். அவன் பெண்டாட்டி காவேரி ஏழு மாச வயிற்றோடு ஜல்லிக் கூடை சுமந்துகொண்டிருந்தாள். புது வண்டி வந்தால் அன்றைக்கே கூடையை இறக்கி வைத்துவிடலாம் என்று அவளிடம் சொல்லியிருந்தான். அவளும் நம்பியிருந்தாள். ரஷீதுக்கு இதெல்லாம் தெரியும்.

பின்பக்கத்துச் சாக்குப் படுதாவுக்கு அந்தப் பக்கம் ரஷீதின் மனைவி வஹிதா கஞ்சிக்கு அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறச் சத்தம் நின்றது.

"முனிராஜண்ணே, எனக்குத் தோணுறதச் சொல்லட்டுங்களா? வாத்தியாரு சொன்னதெல்லாம் கேட்டேன். இது நாங்க நோன்பு வைக்கிற மாதிரி இருக்குது."

"அது எப்புடி தங்கச்சி?"

"விடியறதுக்குள்ள சாப்ட்டு, இன்னிக்கு நோன்புன்னு மனசுல நிய்யத்து வச்சிடறோம். அதோட முடிஞ்சி போச்சா? செம்ப எடுத்து மாடத்துல வச்சா, வச்சிட்டு நம்ம சோலியப் பாக்கப் போயிடலாம். நோன்ப அப்புடி வச்சிட்டுப் போவ முடியாது. சாயங்காலம் பள்ளிவாசல்ல பாங்கு சொல்ற வரைக்கும் வச்சிக்கிட்டே இருக்கணும். நடுவுல நூறு தடவ வுட்டுடலாம்னு தோணும். வுடாம இருக்கறதுதான் வைக்கிறது."

ரோட்டில் ஒரு பஸ் சேற்றைத் தெறித்துக்கொண்டு போனது.

"நடுவுல ஒரே ஒரு மொடக்குத் தண்ணி?" என்றான் தர்மன்.

"பாதி நோன்புன்னு ஒண்ணு இல்லீங்க மாமா."

ரஷீத் மெதுவாகத் தலையை ஆட்டினான். மாட்டைத் தொழுவத்தில் கட்டிவிட்டால் வளர்த்ததாகிவிடாது. சொல்லைச் சொல்லிவிட்டால் காத்ததாகிவிடாது. கேட் கீப்பர் கேட்டை மூடிவிட்டு வீட்டுக்குப் போக முடியாது. அவனுக்குப் பிடிபட்டுவிட்டது. பிடிபட்ட சந்தோஷத்தில் பிரஷை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

"அப்ப இந்தப் பலக கியரப் போடுன்னு சொல்லல மச்சான். போட்டத வுடாதன்னு சொல்லுது."

"கேட் கீப்பருன்னு நாந்தான் மொதல்ல சொன்னேன்" என்றான் தர்மன்.

முனிராஜ் சிரித்தான். "சரி பாய். நாளைக்குக் கல்லு ஏத்திக்கிட்டு சேலம் போறேன். கியருக்கு நோன்பு வச்சிடறேன், போ. மல எறங்கற வரைக்கும்."

ரஷீத் சிரிக்கவில்லை. உதடு வெடித்திருந்தது, எச்சிலைக்கூட விழுங்காமல் இருந்தான்.

"வெளையாட்டுக்குச் சொல்லாத. நோன்புன்னு வாயால சொன்னா வைக்கணும்."

மறுநாள் காலை இண்டூர்ப் பக்கத்துக் குவாரியில் இரண்டு லாரிகளுக்கும் பலகைக்கல் ஏற்றினார்கள். முதலாளி மாதேஸ்வரன் குடையோடு வந்து நின்றார். கெட்ட மனிதர் இல்லை. இரண்டு லாரிகளுக்கும் கடன் கட்டி, மூன்றாவதற்கும் கையெழுத்துப் போட்டுவிட்டு இரவில் தூங்காதவர்.

"இந்தத் தடவ ரெண்டு வண்டிக்கும் சரிசமமா டேங்க் ரொப்பியிருக்குது. சேலம் போயிட்டு வாங்க. மிச்சத்தப் பாத்துட்டு வெள்ளிக்கெழம சொல்லிடறேன்."

ராஜாமணி கண்ணடித்தான். நல்ல கைக்காரன். ஸ்டீரிங்கை இரண்டு விரலில் ஓட்டுவான். காவேரி ஜல்லிக் கூடையோடு லாரியைச் சுற்றிக்கொண்டு போனாள். கூடையைத் தலையில் ஒருமுறை நகர்த்தி வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். முனிராஜுக்கு அது போதுமானதாக இருந்தது. நோன்பாவது ஒன்றாவது, தட்டிவிட்டு இறங்கிவிடுவோம் என்று நினைத்துக்கொண்டுதான் வண்டியை எடுத்தான்.

அதியமான்கோட்டையைத் தாண்டும்போது ரஷீத் பலகையின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். ஹாரன் சத்தம் கேட்டுத் திரும்பிக் கையைத் தூக்கினான். பக்கத்தில் கண்ணம்மாள் டீக்கிளாஸோடு நின்று ஏதோ கேலி பேசிக்கொண்டிருந்தாள். அவன் அவளைப் பார்க்காமல் பிரஷைப் பார்த்தான்.

கணவாய் முனையில் தூறல். முனிராஜ் செகண்ட் கியருக்கு இறக்கினான்.

"நிய்யத்து வச்சாச்சா மாப்ளே?" என்று தர்மன் சீண்டினான்.

முனிராஜ் ஒரு நிமிஷம் ரோட்டைப் பார்த்தான். "வச்சாச்சு மாமா."

எஞ்சின் கத்திக்கொண்டே இறங்கியது. கல் பாரம் பின்னாலிருந்து முட்டியது. முதல் வளைவு, இரண்டாவது வளைவு. அப்புறம் நேர்ரோடு வந்தது. பின்னாலிருந்து ராஜாமணியின் வண்டி சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் சேர்ந்தது. நியூட்ரல். ஜன்னலில் தலையை நீட்டி, "ஏண்டா, மாட்டுக்குத் தண்ணி காட்டனியா?" என்று கேட்டுவிட்டு முன்னால் போனான்.

"மாப்ளே, நேர்ரோடு. இதுல கூடவா?" தர்மனுக்குப் பொறுக்கவில்லை. "வளைவு வர்றதுக்குள்ள திரும்பப் போட்டுக்க. உன் வூட்டுக்காரி மூஞ்சிய நெனச்சிப் பாரு."

முனிராஜ் நினைத்துத்தான் பார்த்தான். கூடையை நகர்த்தி வைத்த கை. அவன் இடது கை கியர் ராடின் உருண்டையில் போய் உட்கார்ந்தது. ஒரு தட்டு. எட்டு வருஷம் பார்த்த தட்டு. ரோடு காலியாக, நேராக, கறுப்பாக மினுங்கிக்கொண்டு கிடந்தது. பார்க்கிறவர்கள் யாரும் இல்லை.

யாரும் பார்க்கவில்லை என்பதுதான் கண்ணம்மாளின் பேச்சு. ரஷீத் எச்சில்கூட விழுங்காமல் நின்ற அந்த நிற்பு எங்கிருந்தோ முன்னால் வந்தது. காலையிலும் மத்தியானத்திலும் நன்றாக வைத்துவிட்டு நடுவில் ஒரு மடக்குக் குடித்தால் அது என்ன நோன்பு?

கையை எடுத்துவிட்டான்.

"இன்னும் பாங்கு சொல்லல மாமா."

"போடா, பைத்தியக்காரா" என்று தர்மன் பீடி பற்ற வைத்தான்.

நேர்ரோடு முடிந்து வளைவு தலைகாட்டியது. வேகத்தை இன்னும் கொஞ்சம் பிடிக்கலாம் என்று முனிராஜ் பிரேக்கை மிதித்தான். முதல் மிதியில் பிடித்தது. இரண்டாவது மிதியில் பெடல் சேற்றில் வைத்த கால்போல அப்படியே உள்ளே போனது. மறுபடி மிதித்தான். மறுபடி போனது.

"மாமா, பிரேக் இல்ல."

"வெளையாடாத."

"பிரேக் இல்ல மாமா."

தர்மன் பீடியைக் கீழே போட்டான். முகத்தைப் பார்த்துவிட்டு வேறெதுவும் கேட்கவில்லை.

வண்டி இழுத்தது. ஆனால் ஓடவில்லை. செகண்ட் கியர் கழுத்தைப் பிடித்து நிறுத்தியிருந்தது. எஞ்சின் அறுபடுகிற ஆடுமாதிரி கத்தியது. ஆள் ஓடுகிற வேகத்துக்குமேல் போகவிடவில்லை. முனிராஜ் ஹேண்ட் பிரேக்கை முடிந்தமட்டும் இழுத்துப் பிடித்தான், வளைவை மலைப்பக்கமாக அணைத்து ஒடித்தான். தர்மன் கதவைத் திறந்து சக்கரத்துக்கு அண்டை கொடுக்கிற கட்டையோடு குதித்தான். கண் சரியில்லாத நாற்பத்தைந்து வயசுக்காரன் லாரிக்குப் பக்கத்தில் ஓடினான், எதிரே வருகிற வண்டிகளை ஒதுங்கச் சொல்லிக் கெட்டவார்த்தையில் கத்திக்கொண்டே. ஓர் இடத்தில் கட்டையைச் சக்கரத்துக்கு முன்னால் தள்ளினான். பூஜை போட்ட எலுமிச்சம்பழம் மாதிரி அது நசுங்கித் தெறித்தது. மறுபடி ஓடினான்.

இன்னொரு வளைவு. அதற்கப்புறம் சரிவு குறைந்தது. கணவாய் அடிவாரத்தில் ரோடு தட்டையாகிற இடத்தில் முனிராஜ் வண்டியை ஓரத்து மண்மேட்டில் மெல்லக் கொண்டுபோய் முட்டவைத்தான். குலுங்கி நின்றது. எஞ்சினை அணைத்தான். காதில் சத்தம் இல்லாதது வலித்தது.

தர்மன் மூச்சு வாங்க வந்து படியில் உட்கார்ந்தான். முனிராஜ் குனிந்து பார்த்தான். பிரேக் பைப் வெடித்து ஆயில் முழுக்கப் போயிருந்தது. இரண்டு பேருக்கும் ஒன்று தெரியும். அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. அவ்வளவு பாரத்தோடு நியூட்ரலில் ஓடுகிற வண்டிக்கு வேகம் பிடித்த பிறகு எந்தக் கியரும் விழாது. நேர்ரோட்டில் அந்த ஒரு தட்டுத் தட்டியிருந்தால், அடுத்த வளைவில் ரோடுதான் வளைந்திருக்கும், வண்டி வளைந்திருக்காது.

முனிராஜ் திரும்ப ஏறி உட்கார்ந்து கியரை எடுத்து நியூட்ரலில் விட்டான்.

"பாங்கு சொல்லியாச்சு மாமா" என்றான்.

தர்மன் அழுதான். அவன் அழுது முனிராஜ் பார்த்ததில்லை.

ராஜாமணி அடிவாரத்து டீக்கடையிலிருந்து ஓடி வந்தான். மெக்கானிக்கைத் தன் வண்டியில் போய்க் கூட்டி வந்ததும், டீ வாங்கிக் கொடுத்ததும், சாயங்காலம் வரை கூடவே நின்றதும் அவன்தான். வெடித்த பைப்பைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

வெள்ளிக்கிழமை முதலாளி டேங்கில் குச்சி விட்டுப் பார்த்தார். பைப்பையும் பார்த்தார். "உசுரோட வந்தீங்களே" என்றார். அதை மனசாரத்தான் சொன்னார். புது வண்டியை ராஜாமணிக்குக் கொடுத்தார். அதையும் மனசாரத்தான் கொடுத்தார். சொன்ன பேச்சு டீசல் பேச்சு. டீசல் ராஜாமணியிடம்தான் மிச்சமிருந்தது. ஆனால் அன்று மத்தியானமே எல்லா வண்டிகளுக்கும் பிரேக் பைப் புதிதாக மாற்றச் சொல்லி ஆள் அனுப்பினார்.

முனிராஜ் குவாரிக்குப் போய், வஹிதா சொன்ன நோன்புப் பேச்சிலிருந்து எல்லாவற்றையும் காவேரியிடம் சொன்னான்.

"புது வண்டி போச்சா?"

"போச்சு."

"நீ இருக்கற இல்ல." கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். வயிற்றில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் ரோட்டையே பார்த்தாள். "கூட தூக்கறது எனக்குப் புதுசா? இன்னும் ஒரு மாசம் சொமப்பேன், அப்புறம் எங்கம்மா வூட்டுக்குப் போயிடறேன். அந்த வஹிதாப் பொண்ணுக்கு நான் என்னா குடுக்கறது?"

குவாரிக்கு மேலே குன்றில் சீத்தாப்பழம் வெடித்துக் கிடந்த காலம். அவளே ஏறப் பார்த்தாள், முனிராஜ் விடவில்லை. அவன் பறித்துப்போட, அவள் ஜல்லிக் கூடையைப் பள்ளத்துத் தண்ணீரில் மூன்று முறை கழுவி, இலை பரப்பி அடுக்கினாள்.

"நோன்பு தொறக்கறதுக்குள்ள போய்ச் சேரு. அவங்க பசியோட இருப்பாங்க."

சாயங்காலம் முனிராஜும் தர்மனும் அதியமான்கோட்டையில் இறங்கியபோது பலகைகள் நான்கும் முடிந்து காய்ந்துகொண்டிருந்தன. விஷயம் ரஷீதுக்கு ஏற்கெனவே வந்து சேர்ந்திருந்தது. ராஜாமணி போகிற வழியில் சொல்லியிருந்தான். ரஷீத் எழுந்து வந்து முனிராஜின் இரண்டு தோளையும் பிடித்தான். பெயிண்ட் ஒட்டியது.

நான்காவது பலகையில் இங்கிலீஷுக்குக் கீழே தமிழில் ஒரு வரி இருந்தது: 'இறங்கி முடியும் வரை கியரை விடாதே.'

"கான்ட்ராக்டரு இதுவும் எழுதச் சொன்னாரா?"

"இல்ல. யார்ரா உன்னத் தமிழ்ல எழுதச் சொன்னான்னாரு. என் பெயிண்டுங்க, எடம் காலியா இருந்ததுன்னேன். தலையில அடிச்சிக்கிட்டு நாளைக்கு நட்டுக்கறேன்னு போயிட்டாரு."

முனிராஜ் கூடையை வைத்தான். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்து வந்திருந்தான். அவன் வளர்ந்த இடத்தில் நன்றி என்று யாரும் வாயால் சொன்னதில்லை. ஒருவன் சம்மட்டி தூக்க முடியாமல் நின்றால் இன்னொருவன் வாங்கி அடிப்பான், அவ்வளவுதான்.

"பாய், எனக்கு இத எப்புடிச் சொல்றதுன்னு தெரியல."

"எங்கிட்ட ஏன் சொல்ற? நாங் கேள்விதான் கேட்டேன். வாத்தியாருகிட்ட சொல்லு. இவகிட்ட சொல்லு."

"எனக்கு எதுக்குங்க?" என்றாள் வஹிதா, கஞ்சிக் கிண்ணங்களை வரிசையாக வைத்தபடி. "நோன்ப நானா கண்டுபுடிச்சேன்? வச்சது நீங்க அண்ணே. வச்சவங்களுக்குத்தான் அது."

"கேட் கீப்பருக்கு எதுவும் இல்லியா?" என்றான் தர்மன்.

"இருக்குது மாமா. உங்களுக்கு ரெண்டு கிண்ணம்."

ரஷீத் முனிராஜைத் தன் பக்கத்தில் உட்கார வைத்தான். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னான்: "நான் சொல்லணும் மச்சான் உனக்கு. பத்து வருசம் அந்த வார்த்தைய எழுதியிருக்கேன். ஒரு தடவகூட அது யாருக்கும் பேசி நாங் கேட்டதில்ல. சொவத்துல பல்லி ஒட்டுன மாதிரி ஒட்டிட்டுப் போயிடுவேன். இன்னிக்கு இந்தப் பலகையில போடறப்ப கை நின்னு நின்னு போட்டுது."

கஞ்சியின் ஆவியில் இஞ்சியும் பட்டையும் மணத்தன. முனிராஜ் கிண்ணத்தைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்தான். வஹிதா அவன் முகத்தைக் கவனித்துவிட்டாள்.

"அண்ணே, மத்தியானம் சாப்டலீங்களா?"

"இல்ல."

"காலைல?"

அவன் தரையைக் கீறினான். "இன்னிக்கு ஒரு நாளு நானும் வச்சிப் பாத்தேன் தங்கச்சி. விடியறதுக்குள்ள பழஞ்சோறு தின்னுட்டேன். அதுக்கப்புறம் பச்சத்தண்ணி படல. நிய்யத்துக்கு என்னா சொல்லணும்னு தெரியல. உங்க சாமிகிட்ட எம் பேரச் சொல்லிட்டேன்."

வஹிதா முந்தானையால் முகத்தைத் திருப்பித் துடைத்துக்கொண்டாள். ரஷீத் அவன் முதுகில் கை வைத்தான், எடுக்கவில்லை.

"நானும் வச்சேன்" என்றான் தர்மன். "மத்தியானம் வரைக்கும்."

"அது பட்டினி மாமா" என்று வஹிதா சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து கண்ணம்மாள், "என்னா சிரிப்பு அங்க, எனக்கும் ஒரு கிண்ணம் எடுத்து வைங்க" என்று கத்தினாள். எடுத்து வைத்தார்கள்.

வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. காவேரி கொடுத்தனுப்பிய சீத்தாப்பழம் ஒன்றை ரஷீத் பிட்டு ஆளுக்கொரு துண்டாக வைத்தான். வெள்ளைச் சுளையைப் பார்த்ததும் முனிராஜின் கை அவனைக் கேட்காமலே நகர்ந்து பழத்தைத் தொட்டது. தர்மன் அந்தக் கையை அப்படியே பிடித்துத் தரையோடு அழுத்தினான்.

"கீப்பு, மாப்ளே. கீப்பு."

முனிராஜ் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். நான்கு பேரும் பள்ளிவாசல் இருந்த திசையைப் பார்த்துக் காதைக் கொடுத்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.